முதல் படம் எடுப்பதற்கு முன்: விழித்திரை ஆராய்ச்சியில் எனக்குப் போன நான்கு வருடங்கள்

எங்கள் கண் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் தேநீர் நேரத்தில் கேட்டார்: "அக்கா, நானும் ரெட்டினாவில ஒரு ரிசேர்ச் செய்வம் எண்டு யோசிக்கிறன். கமரா இருக்கு, சீனி வருத்தக்காரர் நிறையப் பேர் வாறாங்க. நாளைக்கே தொடங்கலாம்தானே?" 2019 ஜூனில் நானும் இதையேதான் சொன்னேன். "கொஞ்சம் நில்லுங்க, முதல்ல இதையெல்லாம் பாருங்க" என்று சொல்ல அப்போது எனக்கு மட்டக்களப்பில் ஒருவரும் இருக்கவில்லை. அவருக்குப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே விரிவாக எழுதுகிறேன். எனக்கு நான்கு வருடமும், கைக்காசு நான்கு லட்சம் ரூபாய் வரையும் போனது. ஒரு மனிதரின் ஒரு கண்ணும் போனது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளை. அப்பா வெள்ளாமை செய்தவர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் வாவியைப் "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடந்துதான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனோம். அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். மருத்துவம் படிக்கும்போது விழித்திரை மேல் எனக்கு ஆசை வந்ததற்கு அம்மா ஒரு காரணம். இன்னொரு காரணம், நூலகத்தில் வாசித்த ஒரு கதை. பெருங்குடல் புற்றுநோய்க்கென்று வந்த பெவாசிசுமாப் என்ற மருந்தை 2005இல் பிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற கண் மருத்துவர் மிகச் சிறிய அளவில் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகும் மாகுலா சிதைவுக்கு அது வேலை செய்தது. அடுத்த வருடம் அதே வேலைக்கென்றே ரனிபிசுமாப் என்ற மருந்து வந்தது. அப்போது அமெரிக்காவில் அதன் ஒரு ஊசி ஏறத்தாழ 2,000 டொலர், பழைய மருந்தோ ஏறத்தாழ 50 டொலர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை அரசாங்கப் பணத்தில்தான் செய்தார்கள். 2011இல் வந்த முதல் வருட முடிவில் இரண்டும் பார்வையை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் காப்பாற்றின. ஏழை நாட்டு நோயாளிக்கும் ஊசி கிடைக்க வழி பண்ணியது ஒரு ஆராய்ச்சி என்பது என் மனதில் அப்படியே இறங்கிவிட்டது. நானும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசையில் எந்தப் பிழையும் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

2018 கடைசியில் மாவட்டத்தின் ஒரு ஆதார வைத்தியசாலையில் கண் பிரிவு மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தேன். அங்கே நன்கொடையாக வந்த விழித்திரைக் கமரா ஒன்று உறை போட்டபடி இருந்தது. சீனி வருத்தம் விழித்திரையைக் கெடுக்கும்போது நோவும் இராது, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியும், பிறகு அடைபடும், அதற்குப் பிறகு உடைந்து போகக்கூடிய புதுக் குழாய்கள் முளைக்கும். ஆள் வந்து "கண் தெரியல்ல" என்று சொல்லும்போது பல தடவை காலம் கடந்திருக்கும். அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறை கண்ணின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்கிறோம். என் கேள்வி இதுதான்: சீனி கிளினிக்குக்கு வருபவரை, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடாமலே, பயிற்சி பெற்ற ஒரு தாதி படம் பிடித்தால், அந்தப் படம் நாங்கள் ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதோடு எவ்வளவு ஒத்துப்போகும்? ஒத்துப்போனால் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்து ஆட்கள் ஒவ்வொரு முறையும் டவுனுக்கு வரத் தேவையில்லை. நல்ல கேள்வி. நான் பிழை விட்டது கேள்வியில் இல்லை.

முதல் பிழை, அனுமதி. ஜூனில் தொடங்கி நவம்பருக்குள் 140 பேரைப் படம் பிடித்துவிட்டேன். பிரிவுத் தலைவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். ஆராய்ச்சியில் சேரும் ஆட்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு என்ற ஒன்று இருப்பது தெரியும், ஆனால் அது மருந்து கொடுத்துச் செய்யும் சோதனைகளுக்கு மட்டும் என்று எண்ணியிருந்தேன். நவம்பரில் ஒரு மூத்தவரிடம் தற்செயலாகக் கதைக்கும்போது அவர், "அனுமதி இலக்கம் என்ன?" என்று கேட்டார். எனக்கு வார்த்தையே வரவில்லை. ஏற்கனவே சேகரித்ததற்குப் பின்னால் அனுமதி வாங்க முடியாது. 140 பேரின் படங்களையும் ஆராய்ச்சியில் சேர்க்காமல் ஒதுக்கினேன். அச்சடித்த படிவம், போக்குவரத்து எல்லாமாக 40,000 ரூபாய். காசை விட, அந்த 140 பேரும் எனக்காகக் காத்திருந்த நேரத்தை நினைத்துத்தான் அழுதேன்.

ஆகவே யாராவது தொடங்குவதாக இருந்தால்: மனிதரிடமிருந்து ஒரு தகவலை ஆராய்ச்சிக்காக எடுப்பதற்கு முன்பே, அது வெறும் படமாக இருந்தாலும், கிளினிக் கொப்பியைப் புரட்டி எழுதுவதாக இருந்தாலும், நெறிமுறைக் குழுவின் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதோடு வைத்தியசாலைப் பொறுப்பாளரின் எழுத்து மூல அனுமதியும் வேண்டும், சிறிய வைத்தியசாலைகளில் செய்வதென்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும். அனுமதிக்கு ஒரு காலாவதித் திகதி இருக்கும், அதைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம். நீங்கள் மருந்தையோ சிகிச்சையையோ ஒப்பிடுகிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு: முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2006இல் இருந்து அது நமக்கு இருக்கிறது. பிறகு பதியலாம் என்று விட்டால் நல்ல இதழ்கள் கட்டுரையைத் தொடவே மாட்டா.

விண்ணப்பம் போட்ட பிறகு குழு என்னுடைய சம்மதப் படிவத்தைத் திருப்பி அனுப்பியது. முதலில் கோபம் வந்தது. பிறகு அதை உரத்து வாசித்துப் பார்த்தேன். "நீரிழிவுசார் விழித்திரை நோய்நிலையின் தரப்படுத்தல்" என்று எழுதியிருந்தேன். கொக்கட்டிச்சோலையில் இருந்து வரும் ஒரு ஆச்சிக்கு இதில் ஒரு சொல் விளங்குமா? ஆங்கிலத்தில் யோசித்து அகராதித் தமிழில் எழுதியது அது. "சீனி வருத்தம் கண்ணுக்குள்ளே இருக்கிற படலத்தைப் பழுதாக்கலாம். அது பழுதாகியிருக்கிறதா என்று ஒரு கமராவால் படம் எடுத்துப் பார்ப்போம். நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் கிளினிக் மருந்து வழமை போலவே கிடைக்கும்" என்று மாற்றினேன். கடைசி வசனம்தான் ஆட்களுக்கு முக்கியம். "மாட்டேன் எண்டா மறுகா குளிசை தரமாட்டாங்களோ" என்ற பயத்தில் கையெழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். படிவத்தை எழுதியதும் ஐந்து பேருக்கு வாசித்துக் காட்டி, "இதில் என்ன சொல்லியிருக்கு?" என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது நீங்கள் நினைத்ததாக இல்லாவிட்டால் திருத்த வேண்டியது படிவத்தைத்தான்.

இன்னொன்று, சொட்டு மருந்து. ஸ்லிட் லாம்ப் பரிசோதனைக்குக் கண்மணியை விரிக்க வேண்டும். விரித்தால் நான்கைந்து மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெயிலில் கண் கூசும். எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். தனியாக வந்தவரை அந்த நிலையில் கல்லடிப் பாலத்தில் ஓட விடலாமா? "துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள்" என்று முன்கூட்டியே துண்டில் எழுதிக் கொடுக்காததால் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். எந்தப் புத்தகத்திலும் இதை நான் படிக்கவில்லை.

2020 பெப்ரவரியில் அனுமதி வந்தது. மார்ச் 20 ஊரடங்கு. கிளினிக்குகள் நின்றன, மருந்துகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. செப்டெம்பரில் திரும்பத் தொடங்கினேன். உயர்தரம் முடித்த ஒரு தங்கச்சியை மாதம் 15,000 ரூபாய்க்கு உதவிக்கு வைத்துக்கொண்டேன், விட்டு விட்டு எட்டு மாதம். அவளுடைய கையெழுத்தால்தான் என் பதிவேடுகள் இன்றும் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன.

இப்போது அந்த ஐயாவைப் பற்றி. அறுபது கடந்தவர், படுவான்கரையில் வெள்ளாமை. 2021 ஜனவரியில் சீனி கிளினிக்கில் அவரைத் தாதி படம் பிடித்தார். இரண்டு கிழமையில் கண் கிளினிக்குக்கு வரச் சொல்லித் திகதி கொடுத்தோம். "வெள்ளாம வெட்டு முடியட்டும் மகள், மறுகா வாறன்" என்றார். அது பெரும்போக அறுவடைக் காலம், எனக்கு விளங்கியது, சரி என்றேன். அவர் வரவில்லை. எக்செலில் அவருக்கு நேரே "வரவில்லை" என்று போட்டேன். படங்களை அன்றன்றைக்குப் பார்க்காமல் மொத்தமாகச் சேர்த்து வைத்து, நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று தரப்படுத்துவது என் முறையாக இருந்தது. ஒரே மூச்சில் பார்த்தால் தரம் ஒரே சீராக இருக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆராய்ச்சிக்கு அது நல்லதுதான். மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு இரவு அவருடைய படத்தைத் திறந்தேன். பார்வை நரம்பின் தலைப்பில் புதுக் குழாய்கள், வலைபோல. சர்வதேசத் தரவரிசையின் ஐந்து படிகளில் கடைசிப் படி. அந்தப் படம் பத்துக் கிழமையாக என் லப்டொப்பில் கிடந்தது.

தந்த இலக்கம் மகனுடையது, பாவனையில் இல்லை. கிராம சேவகர் மூலம் ஆளைத் தேடிப் பிடிக்க மே மாதம் ஆகிவிட்டது. அவர் வரும்போது வலது கண்ணுக்குள் இரத்தம் கொட்டியிருந்தது. சத்திர சிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், மே 21 முதல் நாடு முழுக்கப் பயணத்தடை. போய்ச் சேர்ந்தபோது விழித்திரை இழுபட்டுக் கழன்றிருந்தது. அந்தக் கண் திரும்பவில்லை. இடது கண்ணுக்கு லேசர் செய்தோம், அது நிற்கிறது. அவர் என்னை ஏசவில்லை. "அண்டைக்கிப் படம் புடிச்சீங்கதானே. ஒண்டும் சொல்லல்ல. அப்ப கண்ணுக்கு ஒண்டுமில்ல எண்டு நினைச்சிட்டன் மகள்" என்றார். இந்தக் கட்டத்தில் உள்ள கண்ணுக்கு லேசர் செய்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறையும் என்பது 1976இலேயே பெரிய ஆய்வொன்றில் நிரூபிக்கப்பட்டது. நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விடயம். புதிய அறிவைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, கையில் இருந்த பழைய அறிவை அந்த மனிதருக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை. பல இரவுகள் தூக்கம் இல்லை. ஆராய்ச்சியை விட்டுவிடுவோம் என்று முதன்முதலில் நினைத்தது அப்போதுதான்.

படம் எடுக்கும் எல்லா ஆய்வுக்கும் பொதுவாக இதைச் சொல்வேன். ஆராய்ச்சிக்கான தரப்படுத்தலை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு படத்தையும் அன்றைக்கே ஒரு மருத்துவர் திறந்து, "இவருக்கு அவசரமா?" என்ற ஒரு கேள்விக்காவது பதில் எழுத வேண்டும். இரண்டு தொலைபேசி இலக்கம், கிராம சேவகர் பிரிவு, பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது எல்லாம் படிவத்தில் இருக்க வேண்டும். லேசருக்கு எங்கே அனுப்புவது, எந்தக் கிழமை, யாரிடம் சொல்வது என்பதை முதல் படத்துக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். முடிவைக் கையில் துண்டாகக் கொடுக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கண் நல்லம் என்றுதான் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். திகதி கொடுக்கும்போது வெள்ளாமை வெட்டு, சூடடிப்பு, மாமாங்கத் தீர்த்தம், நோன்பு எல்லாவற்றையும் பார்த்துக் கொடுங்கள்.

விடவில்லை. 2021 கடைசி வரைக்கும் சேகரித்தேன், பிறகு கணக்குப் பார்த்தேன். இங்கே நான் செய்த பிழைகள் கண் துறைக்கே உரியவை. ஒன்று, இரண்டு கண்கள். ஒவ்வொரு ஆளிடமும் இரண்டு கண் இருப்பதால் கண்களை எண்ணி மாதிரியின் அளவை இரட்டிப்பாக்கிவிட்டேன். ஒரே உடம்பு, ஒரே சீனி, ஒரே இரத்த அழுத்தம்: ஒரு கண் கெட்டால் மற்றதும் கெட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். அவை இரண்டு தனித்தனி சாட்சிகள் அல்ல. ஆளுக்கு ஒரு கண்ணை எடுக்க வேண்டும், அல்லது அந்தத் தொடர்பைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறையைப் பாவிக்க வேண்டும். இரண்டாவது, படத்தைத் தரப்படுத்தியதும் நான், ஸ்லிட் லாம்பில் பார்த்ததும் நான். எனக்கு நானே ஒத்துப்போனதை அளந்திருக்கிறேன். மற்றவர் முடிவு தெரியாத இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது, கண்புரையால் தெளிவில்லாமல் போன படங்களை விலக்கிவிட்டேன். எங்கள் ஊர் முதியவர்களில் கண்புரை எவ்வளவு! அவர்களை விலக்கினால் கமரா பிரமாதமாகத்தான் தெரியும். நான்காவது, ஒத்துப்போன வீதத்தை மட்டும் போட்டேன். பெரும்பாலானவர்களுக்கு நோய் இல்லாத இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்று சொன்னாலும் வீதம் உயர்ந்துதான் வரும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்ப்பதற்குத்தான் 1960இல் ஜேக்கப் கோஹன் கப்பா என்ற அளவைக் கொடுத்தார்.

இத்தனையும் ஒரு புள்ளியியல் தெரிந்தவரோடு ஒரு பின்னேரம் முன்கூட்டியே இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். நான் போனது எல்லாம் முடிந்த பிறகு, எக்செல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு. சோதனை முடிந்த பின் புள்ளியியலாளரிடம் வருவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை கேட்பதுதான் என்று ரொனால்ட் ஃபிஷர் 1938இலேயே சொல்லியிருக்கிறார். எனக்கு அது சரியாகப் பொருந்தியது.

2022 ஜனவரியில் ஒரு நல்ல இதழுக்கு அனுப்பினேன். மூன்று கிழமையில் இரண்டு வரியில் நிராகரிப்பு. அந்த இரண்டு வரி என்னை அடித்துப் போட்டது. இப்போது யோசித்தால், நிராகரிப்பு எல்லோருக்கும் வருவது. விழித்திரையின் குழாய்களைச் சாயம் ஏற்றிப் படம் பிடிக்கும் முறையை உருவாக்கிய நொவொட்னி, அல்விஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவ மாணவர்களின் கட்டுரையைக் கண் இதழ் ஒன்று திருப்பி அனுப்பியது. 1961இல் அதை வெளியிட்டது இதயநோய் இதழ் ஒன்று. உலகத்தில் விழித்திரை பார்க்கும் எவரும் இன்று அந்த முறையைத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த மாதம் இதைச் சொல்லித் தேற்ற ஆள் இல்லை. சோர்ந்து போய் இருந்த நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது: "உங்கள் உன்னதமான ஆய்வை எங்கள் இதழுக்கு அன்புடன் அழைக்கிறோம்." அனுப்பினேன். ஆறாம் நாள் ஏற்றுக்கொண்டதாகப் பதில். ஒரு திருத்தம்கூடக் கேட்கவில்லை. சந்தோசத்தில் அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

கட்டணம் 400 டொலர். பெப்ரவரியில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, 80,000 என்று கணக்குப் போட்டேன். நாட்டில் பொருளாதார நெருக்கடி, வங்கியில் டொலர் இல்லை என்றார்கள். மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைப்பதை விட்டார்கள், மே மாதம் டொலர் 360. கனடாவில் இருக்கும் சித்தியின் மகள் தன் கார்டில் கட்டினாள், நான் இங்கே சித்தியின் கையில் 144,000 ரூபாய் கொடுத்தேன். அந்த நாட்களில் அம்மாவின் குளிசை வாங்கவே கடை கடையாக அலைந்துகொண்டிருந்தோம். ஆகஸ்டில் கொழும்பில் ஒரு விழித்திரை நிபுணரிடம் கட்டுரையைப் பெருமையாகக் காட்டினேன். அவர் பொறுமையாக வாசித்தார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார்: "இதில் ஏன் ஒவ்வொருவரின் இரண்டு கண்ணும்? இந்த இதழ் யாருடையது, தெரியுமா?" அது காசுக்கு எதையும் போடும் இதழ். ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒருவருக்கு எழுதிக் கேட்டேன், தனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். விலக்கச் சொன்னால் அதற்கு இன்னும் 250 டொலர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஒரு இடத்தில் வந்ததை இன்னொரு இதழுக்கு அனுப்பவும் முடியாது. அந்த வேலை அங்கேயே புதைந்தது.

புகழ்ந்து அழைக்கும் மின்னஞ்சல், சில நாளில் ஏற்பு, மற்ற ஆய்வாளர்கள் வாசித்துக் கேட்கும் திறனாய்வுக் கேள்வியே இல்லாமை, ஏற்ற பிறகு மட்டும் சொல்லப்படும் கட்டணம்: இதில் ஒன்றைக் கண்டாலே கையை எடுங்கள். அந்த இதழில் வந்த பழைய கட்டுரைகள் மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் தொடர்ச்சியாக வருகின்றனவா, யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் இருக்கிறதா என்று பாருங்கள். இதழ் தன் தளத்தில் சொல்வதை நம்பாமல் அந்தப் பட்டியல்களுக்கே போய்த் தேடுங்கள். பல நல்ல இதழ்கள் நம்மைப் போன்ற நாட்டவருக்குக் கட்டணத்தைக் குறைக்கும், சில முழுதாகவே தள்ளுபடி செய்யும். ஆனால் அனுப்பும்போதே கேட்டிருக்க வேண்டும், ஏற்ற பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கட்டணமே இல்லாத இதழ்களும் உண்டு.

சரி, படங்களை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தரப்படுத்திப் புதிதாகக் கணக்குப் பார்ப்போம், குறைந்தது எனக்காவது உண்மை தெரியட்டும் என்று நினைத்தேன். லப்டொப் ஏப்ரலிலேயே செத்திருந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது, அதற்குப் பிறகும் போய்ப் போய் வரும்போது ஏதோ எரிந்துவிட்டது. கட்டுரை முடிந்ததுதானே என்று அலட்சியமாக விட்டிருந்தேன். வேறு பிரதி இல்லை. கமராவின் நினைவகத்தை இடம் போதாமல் நாங்களே துடைத்திருந்தோம். பெற்றோல் கிடைக்காத நாட்களில் உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போய் ஹார்ட் டிஸ்க்கை மீட்கக் கொடுத்தேன், 85,000 ரூபாய். பாதிக்கு மேற்பட்ட படங்கள் மீண்டன. திறந்து பார்த்தால் கோப்புப் பெயர்கள் எல்லாம் வெறும் எண்கள். நோயாளியின் குறியீட்டை நான் கோப்பின் பெயரில் மட்டும்தான் எழுதியிருந்தேன், படத்துக்குள் இல்லை. யாருடைய கண் எது என்று தெரியாத நூற்றுக்கணக்கான விழித்திரைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. குறியீடு படத்தின் மூலையிலேயே பதிந்திருக்க வேண்டும். பெயரும் குறியீடும் சேர்ந்த பட்டியல் வேறு இடத்தில் பூட்டில் இருக்க வேண்டும். மூன்று பிரதிகளில் ஒன்றாவது வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.

2023இல் திரும்பத் தொடங்கினேன், புது நோயாளிகள், புது அனுமதி. இந்த முறை ஆறு மாதம் ஒரு படமும் எடுக்கவில்லை. புள்ளியியல் தெரிந்தவர் முதல் நாளிலிருந்து கூட இருந்தார், தரப்படுத்த இரண்டு பேர், தெளிவில்லாத படம் என்றால் அதுவும் ஒரு முடிவு, அவரைக் கண் கிளினிக்குக்கு அனுப்புவது. யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தோம். வேலை செய்யாத பெரியவர் ஒருவரின் பெயரை மரியாதைக்காகப் போடச் சொன்னபோது அந்தத் தாள்தான் எனக்குத் துணை நின்றது. கட்டுரை இப்போது ஒரு இதழின் திறனாய்வில் இருக்கிறது. பதினேழு கேள்வி வந்தது. அதில் ஒன்று, ஒரு ஆளிடமிருந்து எத்தனை கண் எடுத்தீர்கள் என்பது.

ஐயா நான்கு மாதத்துக்கு ஒரு தடவை இடது கண்ணைக் காட்ட வருகிறார். மகன் கூட வருகிறார், இலக்கம் மாறினால் முதலில் எங்களுக்குத்தான் சொல்கிறார்.

தம்பி இன்னும் கமராவின் உறையைக் கழற்றவில்லை. நேற்றுப் பின்னேரம் அவருடைய சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். மூன்றாம் வரியில் அம்மா கையைக் காட்டி நிறுத்தி, "இது என்ன சொல்லுது மகன், எனக்கு விளங்கல்ல" என்றார். தம்பி அந்த வரியை மாற்றிக்கொண்டிருக்கிறார்.